பழைய காருக்கு கூலன்ட் ஹோஸ் மாத்தி சில வருஷம் ஓட்டின அனுபவம்

கார் பழசாயிடுச்சு, கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம்) அடிக்கடி குறையுது, என்னன்னு புரியலன்னு இருக்கறவங்களுக்காக எழுதுறேன். என் கார்ல மேல் ரேடியேட்டர் ஹோஸ், அதாவது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கூலன்ட் போற ரப்பர் குழாய், கசிஞ்சுது, நானே மாத்தினேன், மாத்தி சில வருஷம் ஓட்டியும் ஆச்சு. ஒண்ணு மட்டும் இப்போ உறுதியா சொல்வேன், புது ஹோஸ் வாங்கி சொருகறது வேலையில பாதி கூட கிடையாது, அது போய் உக்கார்ற பைப் வாயும் அதைச் சுத்திப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் வளையமும்தான் திரும்ப கசியுமா கசியாதான்னு முடிவு பண்ணுது.

முதல்ல கண்ணுல பட்டது கூலன்ட் டேங்க்ல லெவல் மினிமம் கோட்டுக்குக் கீழ போய்ட்டே இருந்ததுதான். தரையில ஒரு சொட்டு கூட கிடையாது, ஏன்னா ஓடும்போது கசியறது சூடான இன்ஜின் மேல பட்டு அங்கயே ஆவியாப் போயிடுது. பானட்டைத் திறந்தா லேசா தித்திப்பா ஒரு வாடை வரும், இன்ஜின் பக்கம் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலன்ட்டைத் திறந்து விடற வால்வு) இருக்கிற ஹவுசிங்ல ஹோஸ் சேர்ற இடத்துல வெள்ளையும் பச்சையுமா பொருக்கு படிஞ்சிருந்துச்சு. சின்ன கசிவுதானேன்னு தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டறவங்க நிறைய பேர், தயவு செஞ்சு அப்படி விட்டுடாதீங்க. தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சும்மா திறந்து வச்சா 107 டிகிரி பக்கம் கொதிச்சிடும், மூடி போட்டு 1 பார் அழுத்தம் நிக்கும்போது கிட்டத்தட்ட 130 வரைக்கும் தாங்கும். கசிவு இருந்தா அந்த அழுத்தமே நிக்காது. அதோட லெவல் ரொம்ப இறங்கி சென்சார் வெளியில தெரிய ஆரம்பிச்சிட்டா, இன்ஜின் கொதிச்சிட்டு இருக்கும்போதே டெம்பரேச்சர் முள்ளு நார்மல்ல நிக்கலாம், அதை நம்பி ஓட்டினா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் பாகத்துக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போயிடும்.

எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்க பிரஷர் டெஸ்டர் மாதிரி வேற எதுவும் இல்ல. இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம் கூலன்ட் மூடிக்குப் பதிலா அதை மாட்டி, மூடியில போட்டிருக்கிற அழுத்த அளவு வரைக்கும் பம்ப் அடிச்சு விட்டுட்டு பாத்தா கசியற இடம் தானா ஈரமாயிடும். சூட்டோட மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது.

கழட்டறதுல ஒரு விஷயம். பல வருஷம் ஒட்டிக்கிட்ட ஹோஸை இழுக்கறது, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பறது எல்லாம் வேண்டவே வேண்டாம், ரேடியேட்டர் வாய் பிளாஸ்டிக்கா இருந்தா பட்டுன்னு உடைஞ்சிடும், ஹீட்டர் பைப் மெல்லிசு, அது நசுங்கும். பழைய ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான், அதனால பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சு எடுத்தேன். உரிச்சு உள்பக்கம் பாத்தப்போதான் விஷயமே புரிஞ்சுது. வெளியில பளபளன்னு நல்லா இருந்த ஹோஸ், உள்ள கிளாம்ப் இருந்த முனை பக்கம் நீளநீளமா மயிரிழை மாதிரி வெடிப்பு. இன்ஜின்ல இருக்கிற வேற வேற உலோகமும் நடுவுல கூலன்ட்டும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியா வேலை செய்யுது, அந்தக் கரன்ட் ரப்பரை உள்ளேர்ந்து தின்னுது, முனைகள்லதான் அது அதிகம். அதனால வெளியில பாத்து முடிவு பண்ணாம, ஆறின இன்ஜின்ல ஹோஸ் நடுவுல ஒரு தடவை, கிளாம்ப் பக்கத்துல ஒரு தடவை விரலால அமுக்கிப் பாருங்க. முனை மட்டும் கொழகொழன்னு இருந்தா அதோட ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

அடுத்தது பைப் வாய். அந்த வெள்ளைப் பொருக்கு மேலயே புது ஹோஸை மாட்டினா எவ்வளவு இறுக்கினாலும் கசியும். உள்ள ஒரு துணியை அடைச்சிட்டு, நைஸ் உப்புத்தாளால வட்டமா சுத்தி சுத்தித் தேய்ச்சேன், நீளவாக்குல தேய்ச்சா விழற கீறல் கூலன்ட் வெளிய வர வழியா ஆயிடும். முடிச்சதும் துணியை மறக்காம எடுத்திடணும். ஹோஸ் வழுக்கி ஏற கொஞ்சம் கூலன்ட் தடவினாலே போதும், கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் தொடக்கூடாது, இந்த ரப்பர் எண்ணெய் பட்டா ஊதிடும்.

கிளாம்ப் விஷயத்துலதான் வருஷம் போகப் போக வித்தியாசம் தெரிஞ்சுது. ஹவுசிங் பக்கம் கம்பெனி டிசைன்ல இருக்கிற ஸ்பிரிங் கிளாம்ப் புதுசா போட்டேன், ரேடியேட்டர் பக்கம் முன்னாடியே இருந்த ஸ்க்ரூ கிளாம்ப் நல்லா இருந்ததால அதையே போட்டேன். ஸ்பிரிங் பக்கம் இன்னிக்கு வரைக்கும் காய்ஞ்சே இருக்கு. ஸ்க்ரூ பக்கம் குளிரான காலையில ஓரத்துல முத்து மாதிரி ஈரம் நிக்கும், இன்ஜின் சூடானதும் காணாம போயிடும், ஒரு சுத்து இறுக்கினா கொஞ்ச நாள் சும்மா இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். ரப்பர் அமுங்க அமுங்க ஸ்பிரிங் கூடவே சுருங்கி பிடிக்குது, ஸ்க்ரூ வச்ச இடத்துலயே நிக்குது. கடைசியில அங்கயும் சரியான சைஸ்ல ஸ்பிரிங் போட்டேன், அதோட நின்னுச்சு.

மேல் ஹோஸுக்கு என்ன வயசோ அதே வயசுதான் மத்த ஹோஸுக்கும், அதனால கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாத்தையும் சேர்த்தே மாத்தினேன். கீழ் ஹோஸ் வாட்டர் பம்ப் உறிஞ்சற பக்கம், சில கார்ல அது சப்பிப்போகாம இருக்க உள்ள கம்பிச்சுருள் இருக்கும், பழசுல இருந்தா புதுசுலயும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. எனக்குக் கிடைச்ச ஹோஸ்ல எனக்குப் பிடிக்காதது அதோட வளைவு, ஒரிஜினலை விட கொஞ்சம் தள்ளி வந்து ஃபேன் கவர் விளிம்புல உரசுது. பழைய ஹோஸ்ல ஒரு துண்டு வெட்டி நடுவுல கீறி விளிம்புல மாட்டிவிட்டேன், அது இன்னும் அப்படியே இருக்கு.

புதுசா கூலன்ட் ஊத்தும்போது உள்ள மாட்டிக்கிற காத்தை வெளியேத்தறதுக்கு (ஏர் எடுக்கறது) அவசரமே படக்கூடாது. ஆறின இன்ஜின்ல மூடியைத் திறந்து வச்சு, ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு, ஐட்லிங்ல விட்டு, ஹோஸை அப்பப்போ அமுக்கி, குமிழி நிக்கற வரைக்கும் ஊத்திட்டே இருக்கணும், லெவல் பொங்கி ஏற ஆரம்பிச்சா மூடியைப் போட்டுடணும். ஆறினதும் திரும்ப லெவல் பாக்கணும். லீக் ஸ்டாப்னு விக்கிற திரவத்தை நான் ஊத்தவே மாட்டேன், வெடிச்ச ரப்பரை அது அடைக்காது, கார் உள்ள சூடு தர்ற ஹீட்டர் கோரோட சின்னக் குழாயைத்தான் அடைக்கும். தன்னோட தானே ஒட்டற சிலிகான் டேப் வண்டியில ஒண்ணு இருக்கட்டும், வழியில போனா வீடு சேர்ற வரைக்கும் உதவும், அதுக்கு மேல அதை நம்ப வேண்டாம். வடிச்ச பழைய கூலன்ட்டை திறந்த பாத்திரத்துல விட்டுடாதீங்க, தித்திப்பா இருக்கறதால நாய் குடிச்சிடும், பூனையும் குடிக்கலாம், கொஞ்சம் குடிச்சாலே உயிருக்கு ஆபத்து.

இப்போ டேங்க்ல லெவல் கோட்டுலயே நிக்குது. என் கண்ணு வாட்டர் பம்ப் மேல, உள்ள சீல் தேஞ்சா கூலன்ட் கசிஞ்சு வர்ற அதோட கீழ் ஓட்டைக்கிட்ட காய்ஞ்ச கறை ஒண்ணு தெரியுது, அது ஈரமாச்சுன்னா பம்ப், பெல்ட் ரெண்டையும் ஒண்ணா மாத்திடுவேன்.