கோல்டு ஏர் இன்டேக் என்று சொல்லிச் சூடான காற்றை விற்கிறார்கள்: டர்போ ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு

பில்லில் இரண்டே வரி. கோல்டு ஏர் இன்டேக் கிட் (இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றைத் தரும் என்று விற்கும் குழாயும் ஃபில்டரும்) 24,000, ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) 18,000. ஜிஎஸ்டி எண் இல்லை, பார்ட் நம்பர் இல்லை, கிட் எந்த கம்பெனியுடையது என்றும் இல்லை. கூடவே குதிரைத்திறன் '110லிருந்து 134' என்று காட்டும் ஒரு டைனோ பேப்பர், அதாவது காரை உருளைமேல் ஓட்டிப் பவரை அளந்த அச்சு. கார் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல். மெயின் ரோட்டில் ஏறினால் ஐயாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை செத்துப்போகிறது, சிக்னலில் நின்றால் ஏசி வழியாக ஆயில் வாடை வருகிறது, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரில் பி0299, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் (ஈசியூ) கேட்ட பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், டர்போவிலிருந்து வரவில்லை என்ற பிழைக் குறியீடு. வேறொரு கராஜில் பானெட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் 42,000 ரூபாய்க்கு என்ன தலையில் கட்டப்பட்டது என்று காரின் உரிமையாளருக்குத் தெரிந்தது.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே கிட்டை இதே மாதிரி மாட்டிவிடும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. போலோ 2022-இல் நின்றுபோனதால் இப்போது பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள்தான். வாங்கியவுடன் முதலில் கை வைக்கும் இடம் ஏர் ஃபில்டர் என்பதால் இந்த வியாபாரம் குறையவே இல்லை.

பானெட்டுக்குள் இருந்தது இதுதான். கம்பெனி ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) மொத்தமாகக் கழற்றப்பட்டிருந்தது, திருப்பியும் தரவில்லை. அதற்குப் பதில் ஒரு அலுமினியக் குழாய், அதன் முனையில் மூடி எதுவும் இல்லாமல் ஒரு சிவப்பு கூம்பு ஃபில்டர். கம்பெனி ஏர்பாக்ஸ் முன் கிரில் ஓரத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். இந்தக் கூம்போ ரேடியேட்டருக்குப் பின்னால், ஃபேன் துப்பும் அனலிலேயே உட்கார்ந்திருக்கிறது. டர்போ வாயில் மாட்டிய சிலிகான் எல்போ (வளைந்த ஹோஸ்) கையால் அமுக்கினால் சப்பையாகிறது. கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸை (இன்ஜின் அடிப்பகுதியின் வாயுவை வெளியேற்றும் குழாயை) இணைக்கப் புதுக் குழாயில் இடமே இல்லாததால் ஹோஸை வெட்டி, முனையில் எலுமிச்சை அளவில் ஒரு குட்டி ஃபில்டரைச் செருகியிருக்கிறார்கள்.

ஆயில் வாடைக்கு அந்தக் குட்டி ஃபில்டர்தான் காரணம். பிஸ்டன் ரிங் தாண்டிக் கீழே கசியும் வாயுவும் ஆயில் ஆவியும் டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்கே திரும்பி, எரிந்து போக வேண்டும். இங்கே அது பானெட்டுக்குள் பரவி, சூடான டர்போ ஹவுசிங்மேல் படிகிறது. இதுவாவது வாடையோடு போனது. சில கடைகளில் அந்த ஹோஸில் போல்ட்டைச் செருகி அடைத்தே விடுகிறார்கள். அப்போது கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, பின்பக்க கிராங்க் ஆயில் சீல் கசிய ஆரம்பிக்கும். சீல் விலை சில நூறுதான், ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

பி0299-க்குக் காரணம் எல்போ. டர்போவுக்குப் பிறகு வரும் ஹோஸ்களில் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இருக்கும், டர்போவுக்கு முன்னால் இருப்பதோ உறிஞ்சல். மெல்லிய சிலிகான் ஐடிலிங்கில் வட்டமாகவே நிற்கும், முழு ஆக்சிலரேட்டரில் உள்வாங்கி மடிந்து மூச்சை அடைக்கும். கழற்றிப் பார்த்தபோது வளைவின் உட்புறத்தில் மடிந்த வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. இந்த இடத்தில் உள்ளே ஸ்டீல் கம்பி வளையம் வைத்த, நான்கடுக்குத் துணி போட்ட சிலிகான்தான் போட வேண்டும். கிளாம்ப் இறுக்குவதிலும் கவனம் தேவை. பிளாஸ்டிக் வாய்மேல் மாட்டும் இடத்தில் பலம் காட்டினால் விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக ஃபில்டரைத் தொடாத தூசி நேராக டர்போவுக்குள் போகும்.

இனி அந்த 24 குதிரைத்திறனுக்கு வருவோம். 1 லிட்டர் இன்ஜின் 110 பிஎஸ் தரும்போது நொடிக்குத் தோராயமாக 80 கிராம் காற்றை விழுங்குகிறது. சுத்தமான கம்பெனி ஃபில்டரும் பெட்டியும் அந்த ஓட்டத்தில் போடும் தடை, 101 கிலோபாஸ்கல் வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு மூன்று கிலோபாஸ்கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் திரும்பக் கிடைப்பது அந்த 2, 3 சதவீதம்தான். 110லிருந்து 134 என்றால் கிட்டத்தட்ட 22 சதவீதம். அது ஃபில்டரால் வரவே வராது. இன்னொன்று, இது டர்போ இன்ஜின். பூஸ்ட் எவ்வளவு என்று முடிவு செய்வது ஈசியூ. தடை இருந்தால் வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுற்றாமல் புகையை வெளியே விடும் கதவை) கொஞ்சம் கூடுதலாக மூடி டர்போவை வேகமாகச் சுற்றவைத்து இலக்கை எட்டிவிடும், தடை குறைந்தால் திறந்துவிடும். ஈசியூவில் உள்ள டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) வரம்பு அப்படியே இருக்கும்போது கூம்பு ஃபில்டர் மாற்றுவது பெரும்பாலும் சத்தத்தை மட்டும்தான். அந்தச் சத்தம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் பவர் என்று சொல்லி விற்பது மோசடி.

ரீமேப் செய்தால் இந்த ஏற்றம் நம்பக்கூடியதுதான். இந்த காரில் ரீமேப்பே நடக்கவில்லை. ஸ்கேனரில் ஓபிடி மோடு 09 வழியாகக் காலிப்ரேஷன் ஐடி என்ற சாஃப்ட்வேர் அடையாளமும் சிவிஎன் என்ற சரிபார்ப்பு எண்ணும் படிக்கலாம். இரண்டும் கம்பெனி சாஃப்ட்வேரில் இருப்பதாகவே இருந்தன. சில டியூனர்கள் இந்த எண்ணை மாறாதபடி மறைப்பார்கள் என்பது உண்மை. ஆகவே ரீமேப்புக்குப் பணம் கொடுக்கும்போது முன்பிருந்த ஃபைல், எழுதிய ஃபைல் இரண்டின் நகலையும் கேளுங்கள். தர மறுப்பவர்கள் உண்டு, அப்படியென்றால் மாற்றிய பூஸ்ட் இலக்கையாவது லாகில் காட்டட்டும். அப்புறம் எப்படி 'வண்டி பறக்குது' என்று தோன்றியது? அடாப்டேஷனை (ஈசியூ ஓட்டத்தில் கற்றுவைத்த திருத்தங்களை) அழித்துவிட்டு, ஆக்சிலரேட்டர் வயரில் ஒரு பெடல் பாக்ஸ் மாட்டியிருந்தார்கள். கால் பாதி போனால் ஈசியூவுக்கு முக்கால் என்று அது சொல்லும். முழுதாக மிதித்தால் பழைய வண்டியேதான்.

டைனோ பேப்பரில் கண்ணில் மண்ணைத் தூவுவது மிகச் சுலபம். முதல் ஓட்டத்தை டிராஃபிக்கில் வந்த சூட்டோடு, பானெட்டை மூடி, ஃபேனைத் தள்ளி வைத்து எடுப்பார்கள். இரண்டாவதை வண்டி ஆறிய பிறகு, பானெட்டைத் திறந்து, ஃபேனை ஃபில்டர் எதிரிலேயே வைத்து எடுப்பார்கள். கரெக்ஷன், அதாவது அன்றைய வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்தும் கணக்கு, அதை மாற்றுவது இன்னொரு தந்திரம். ஒன்று எஸ்ஏஇ ஜே1349, மற்றது எஸ்டிடி என்றால் எதுவும் செய்யாமலே சுமார் 4 சதவீதம் கூடும். இந்தப் பேப்பரின் மூலையில் பொடி எழுத்தில் அதுவே இருந்தது. முதல் ஓட்டம் சரியாக 110 என்பதும் சந்தேகத்துக்குரியது. 110 என்பது கம்பெனி இன்ஜினில் அளந்த எண். சக்கரத்தில் அளந்தால் கியர்பாக்ஸ், டயர் இழப்பு போக அதைவிடக் குறைவாகத்தான் வர வேண்டும். பேப்பரை வாங்கியதும் பாருங்கள்: இரண்டு ஓட்டமும் ஒரே கியரா, ஒரே கரெக்ஷனா, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை அச்சாகியிருக்கிறதா, குறைந்தது மூன்று ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? பூஸ்ட் கோடு இல்லாத டர்போ கார் டைனோ பேப்பருக்கு மதிப்பே இல்லை.

நம் ஊர் வெயிலில் சூடு விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். வெளியே 40 டிகிரி, பானெட்டுக்குள் 70 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் உள்ளே இழுக்கும் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைகிறது. அதை டர்போ 1.8 மடங்கு அழுத்துகிறது, அதன் கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் பகுதி) திறன் 70 சதவீதம் என்றால், 40 டிகிரியில் நுழைந்த காற்று சுமார் 122 டிகிரியில் வெளியே வரும், 70-இல் நுழைந்தது சுமார் 160-இல் வரும். போலோவில் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தண்ணீரில் குளிர்வது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. ஓடும்போது அது நிறையச் சமாளித்துவிடும். நின்று நின்று போகும் டிராஃபிக்கில் அந்தத் தண்ணீரும் சூடேறியிருக்கும். நாக் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எரிவது) வருகிறது என்று தெரிந்ததும் ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். சாயங்கால டிராஃபிக்கில் இழுவை குறைவது இதனால்தான். குழாய் அலுமினியமா, பிளாஸ்டிக்கா என்று சண்டை போடுவது வீண். முழு ஓட்டத்தில் காற்று அந்தக் குழாயைக் கண் இமைப்பதற்குள் கடந்துவிடும். காற்றை எங்கிருந்து இழுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இதை நீங்களே பார்க்கலாம். விசிடிஎஸ் மாதிரி ஸ்கேனரில் த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள சென்சார் டர்போவிலிருந்து வரும் சூட்டையும், மேனிஃபோல்டு சென்சார் இன்டர்கூலருக்குப் பிறகான சூட்டையும் காட்டும். இரண்டையும், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் பின்வாங்கலையும் சேர்த்து லாக் செய்யுங்கள். மூன்றாவது கியரில் 2000-லிருந்து 4500 வரை ஒரே இழுப்பு, கிட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, வெளி வெப்பநிலை ஒன்றாக இருக்கும்போது. ஐடிலிங்கில் பானெட்டைத் திறந்து வைத்துக் காட்டும் வெப்பநிலையை நம்பாதீர்கள்.

ஃபில்டர் தடையை அளக்க மீட்டர்கூட வேண்டாம். 6 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் டியூப் மூன்று மீட்டர் வாங்கி 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஏர்பாக்ஸுக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில் இணைத்து, மறு முனையைத் திறந்து விடுங்கள். துளை போடுவதென்றால் குழாயைக் கழற்றி வெளியே வைத்துப் போட்டு, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், பிறகு ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். நடுவில் ஒரு காலி பாட்டிலை இணைத்தால் தண்ணீர் டர்போவுக்குள் இழுபடாது. பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டு பக்க மட்டத்துக்கும் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் சுமார் 1 கிலோபாஸ்கல். கம்பெனி ஃபில்டரில் இந்த எண் சிறியதாக இருந்தால் கிட் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார்) வைத்த கார்களில் ஆபத்து வேறு மாதிரி. போலோ 1.0-இல் அது கிடையாது, அழுத்தத்தை வைத்தே காற்றைக் கணக்கிடுகிறது. சென்சார் உள்ள காரில் 63 மி.மீ. குழாயை 70 ஆக்கினால் பரப்பு 23 சதவீதம் கூடுகிறது, அதே காற்றுக்கு வேகம் குறைகிறது, சென்சார் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லும். பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் தாங்காது. எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அந்த சென்சார்மேல் படிந்து அதே குழப்பம்.

இந்த காரில் இருந்த ஃபில்டர் டூப்ளிகேட். மடிப்புகள் சில இடத்தில் நெருக்கமாகவும் சில இடத்தில் அகலமாகவும் இருந்தன, கம்பி வலையின் வெட்டு முனைகள் ரப்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, அடி ரப்பர் ஒரு பக்கம் ஒட்டாமல் விரலுக்கு வழிவிட்டது. குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்மண் நிறக் கோடு. டார்ச் அடித்து கம்ப்ரஸர் வீலின் முன் விளிம்புகளையும் பாருங்கள். தூசி தின்ற விளிம்பு மழுங்கி, சொரசொரப்பாக இருக்கும். நல்ல ஃபில்டர் விற்பவர் ஐஎஸ்ஓ 5011 என்ற ஏர் ஃபில்டர் தரச் சோதனை முடிவைக் காட்ட முடியும்.

'அப்படியென்றால் ஃபில்டரை பம்பருக்குள் இறக்கித் தருகிறோம், சுத்தக் குளிர்காற்று' என்று அடுத்து சொல்வார்கள். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இதைச் செய்யவே கூடாது. சுரங்கப்பாதையில் முட்டியளவு தண்ணீர் போதும். ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜின் புரொடெக்ட் சேர்க்காத சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் கிடைப்பது கடினம். சேர்த்திருந்தாலும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழுத்தடிப்பார்கள்.

உண்மையாகவே காற்றுவழியை மாற்ற வேண்டியது பூஸ்ட் கூட்டிய பிறகுதான். அப்போதும் மூடிய பெட்டி, கிரில்லிலிருந்து வரும் குழாய், பிரீதருக்கும் பர்ஜ் ஹோஸுக்கும் (பெட்ரோல் ஆவியைக் கொண்டுவரும் குழாய்க்கும்) சரியான அளவில் வாய்கள், இவை இல்லாத கிட்டைத் தொடாதீர்கள். மற்றவர்களுக்கு கம்பெனி பேப்பர் ஃபில்டரே போதும், தூசி ரோட்டில் ஓடினால் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், முதல் வேலை கம்பெனி ஏர்பாக்ஸைத் திருப்பிக் கேட்பது. அது உங்கள் பொருள், 'ஸ்க்ராப்பில் போட்டுட்டோம்' என்றால் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கிட்டைக் கழற்றுமுன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், வெட்டிய ஹோஸ் துண்டையும் மடிந்த எல்போவையும் தூக்கி எறியாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காலிப்ரேஷன் ஐடியோடு எழுத்துப்பூர்வமான ரிப்போர்ட் வாங்குங்கள். ரீமேப் நடக்கவே இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜிபேயில் பணம் போன பதிவும் கடைக்காரரோடு பேசிய சாட்டும் சேர்த்து வையுங்கள்.