கொடைக்கானல் மேல்மலைக்கு செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு எடுங்க

ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னைக்கு வியாழன். 17,800 ரூபாய் போச்சு. அதுல 15,000 டெபாசிட், 2,800 நான் கைக்காசு போட்டு மாத்தின பிரேக் பேடு. வண்டி எடுக்கிறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன், இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது.

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலைப் பார்க்கணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. கோயில், படிப்படியா இறங்குற அந்தப் பூண்டு வயல், அப்படியே மன்னவனூர் ஏரி, முடிஞ்சா கூக்கால். பஸ்ல போனா நினைச்ச இடத்துல இறங்கி நிக்க முடியாது. அதனால கார் வச்சிருக்கிறவங்களையும் வாடகைக்குக் கேட்கிறவங்களையும் சேர்த்து விடுற ஒரு ஆப்புல மூணு நாளைக்கு வண்டி போட்டேன். மதுரையில எடுத்து மதுரையிலேயே விடணும். வாடகையை ஆப்புலயே கட்டிட்டேன்.

காலையில அஞ்சரை மணிக்கு வந்தது நான் புக் பண்ணின வண்டி இல்லை. வேற வண்டி, வெள்ளை நம்பர் பிளேட். "அது சர்வீஸுக்குப் போயிருச்சுண்ணே. இது எங்க ஓனரோட சொந்த வண்டி, அதைவிட நல்லா ஓடும்"னு வண்டி கொண்டுவந்த பையன் சொன்னான். கொடைக்கானலுக்குள்ள போகப் பழைய வண்டி நம்பருக்கு எடுத்த இ-பாஸ் வீணாச்சு, ரோட்டோரம் நின்னே புது நம்பருக்கு மறுபடி எடுத்தேன். அங்கேயே நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்.

இடது பின்கதவுக்குக் கீழ நீளமா ஒரு கீறல். காட்டினேன். "அது பழசுண்ணே, எங்களுக்குத் தெரியாதா? உங்க தலையில கட்டுவோமா?" வீடியோ எடுக்கப் போனைக் கையில எடுத்துட்டேன். அதுக்குள்ள அவன் அம்மா கையில இருந்த பையை வாங்கி டிக்கியில வச்சுட்டு, "அம்மா, நீங்க முன்சீட்ல உக்காருங்க, வளைவுல தலை சுத்தாது"ன்னு கதவைத் திறந்து விட்டான். சீட்டைப் பின்னால தள்ளி, காலை நீட்டிக்கச் சொல்லி, அவ்வளவு பதவிசு. நான் போனைச் சட்டைப் பையில போட்டுட்டேன்.

அப்புறம்தான் டெபாசிட் பேச்சை எடுத்தான். "ஆப்புல கட்டினா திரும்ப வர ஏழு நாள் ஆகும்ணே. என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க, வண்டி வந்த அன்னைக்கே போட்டுர்றேன்." 15,000 ரூபாயை அவன் நம்பருக்கே அனுப்பினேன்.

ரெண்டாம் நாள் மன்னவனூர்ல இருந்து திரும்பும்போது ஒரு இறக்கத்துல பிரேக் மிதி ஆழமா போச்சு. செகண்ட் கியர்லதான் வந்தேன், வேகமும் இல்லை. கருகல் வாசனை. பின்னாடி பொண்ணு தூங்கிக்கிட்டிருந்தா. எப்படியோ ஓரம் கட்டினேன். ஹேண்ட் பிரேக் பிடிக்கலை, சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து நிறுத்தினேன். காய்கறி ஏத்திக்கிட்டு வந்த வண்டிக்காரர் ஒருத்தர் இறங்கிப் பார்த்துட்டு, "இந்தப் பிரேக்கை நம்பி வத்தலக்குண்டு இறக்கத்துல இறங்கிடாதீங்க சார், குடும்பத்தோட வந்திருக்கீங்க"ன்னார். ஆற விட்டு, ஊர்ந்து ஊர்ந்து கொடைக்கானல் வந்து மெக்கானிக்கிட்ட காட்டினேன். கழட்டின பேடை என் கையில கொடுத்தார். தேய்ஞ்சு இரும்புத் தகடுதான் மிச்சம். மலைக்கு அனுப்புற வண்டி இது! வண்டி கொடுத்த பையனுக்குப் போன் பண்ணினேன். "பில்லை அனுப்புங்க சார், கழிச்சுக்கலாம்." அனுப்பினேன். 2,800.

ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே பையன் போன் வெளிச்சத்துல வண்டியைச் சுத்திப் பார்த்தான். "எல்லாம் ஓகேண்ணே, காலையில பணம் வந்துரும்." திங்கள் மதியம் பணம் வரலை, படம்தான் வந்தது. அதே கீறல்! கூடவே "அடிப்பாகம் சேதம், 15,000". எந்த வொர்க்‌ஷாப் மதிப்பு போட்டதுன்னு கேட்டேன். "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிருச்சு சார்." பிரேக் காசு? "கம்பெனி அனுமதி இல்லாம மாத்தினதுக்கு நாங்க எப்படித் தர முடியும்?" அனுப்பச் சொன்ன மெசேஜ் அப்படியே இருக்கு, அதைக் காட்டினேன். பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஓனர் மீட்டிங்ல இருக்கார். சாயங்காலம் ஓனர் ஊர்ல இல்லை. புதன்கிழமை பையன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். ஆப்போட வாடிக்கையாளர் சேவையில ஒரு அம்மா ரொம்ப மரியாதையா, "டெபாசிட் எங்க வழியா வரலையே சார், அது உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல நடந்தது"ன்னாங்க. வண்டி மாறினது? "நீங்க ஏத்துக்கிட்டுத்தானே எடுத்தீங்க?" டிக்கெட் போட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்தது. என்ன தீர்ந்தது? 17,800 ரூபாய்ல ஒரு ரூபாய் வரலை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்திருக்கேன். அது எங்கே போகுதுன்னு பார்க்கணும்.

நீளமா எழுதணும்னு நினைச்சேன், கை நடுங்குது. சுருக்கமா சொல்றேன்: செல்ஃப் டிரைவுக்கு முறையா விடுற வண்டின்னா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை பிளேட்னா எடுக்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கையை விரிச்சிடலாம். டெபாசிட்டைத் தனி ஆள் நம்பருக்கு அனுப்பாதீங்க. எடுக்கும்போதும் விடும்போதும் பகல் வெளிச்சத்துல, அந்த ஆளையும் வச்சுக்கிட்டு வீடியோ எடுங்க, எவ்வளவு அன்பாப் பேசினாலும் எடுங்க. பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் மலை ஏறுறதுக்கு முன்னாடி கீழேயே ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க.

அம்மாகிட்ட 15,000 திரும்ப வந்துருச்சுன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா, தன்னாலதான் போச்சுன்னு நினைப்பாங்க.