சிவப்பு காலிப்பரை நம்பி டிராக்கில் இறங்காதீர்கள்

போலோ ஜிடி, ஐ20 என் லைன், அல்ட்ராஸ் ரேசர், பழைய பலேனோ ஆர்எஸ் என்று வேகமான சின்ன வண்டி வைத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற டிராக் டேக்குப் பணம் கட்டுகிறவர்கள், பிரேக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். 'பிக் பிரேக் கிட்' என்று சொல்லி சென்னையில் ஒரு ட்யூனிங் கடை என் தலையில் எதைக் கட்டியது, கழற்றியபோது உள்ளே என்ன இருந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

என்னுடையது 1.2 போலோ ஜிடி டிஎஸ்ஐ. முன்னால் டிஸ்க் (வீலோடு சுழலும் தட்டு, அதைக் காலிப்பர் என்ற கிடுக்கி பேட்டுகளால் இறுக்கிப் பிடிக்கும்), பின்னால் டிரம். ரோட்டில் அந்த பிரேக் மேல் எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை. டிராக்கில் மட்டும் நாலைந்து சுற்று மிதித்து ஓட்டினால் கருகல் வாடை வரும், பெடல் இளகி ஆழமாகப் போகும். வண்டி மேல் தப்பில்லை. கணக்குப் போட்டால் தெரியும். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையை 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறக்க, ஏறக்குறைய 800 கிலோஜூல் சக்தி சூடாக மாற வேண்டும். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற சூடு அது. அதில் முக்கால் பங்கை முன்சக்கர பிரேக் இரண்டும்தான் வாங்கிக்கொள்கின்றன. ஒரே மிதிக்கு டிஸ்க் 100 டிகிரிக்கு மேல் ஏறும். 3.7 கிலோமீட்டர் சுற்றில் அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

கடையில் நான் கேட்டது இரண்டே இரண்டு: டிராக் தாங்குகிற பேட், நல்ல பிரேக் ஆயில். கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். "ப்ரோ, பேட் மாத்தி என்ன பண்ணப் போறீங்க? ஸ்டாக் காலிப்பர் டிராக்குக்கு ஆகவே ஆகாது. ஃபோர் பாட் போடுங்க, பின்னாடி டிரம்மையும் டிஸ்க்கா மாத்திடலாம். இதைப் போடாம டிராக் போய் ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் கேக்காதீங்க." பின் டிஸ்க்கை நான் மறுத்துவிட்டேன். முன்னால் மட்டும் நாலு பிஸ்டன் காலிப்பர், துளை போட்ட பெரிய டிஸ்க், 'ரேஸ்' பேட், 'ரேஸிங்' ஆயில், ஸ்டீல் பின்னல் ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் 'டிராக் ஸ்பெக்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கைக்கு வந்த பில்லில் 'ஆக்சஸரீஸ்' என்ற ஒரே ஒரு வரிதான், ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

வண்டியை எடுத்த அன்றே பெடல் பழையதைவிட அரை அங்குலம் கீழே போய்த்தான் பிடித்தது. போனில் கேட்டேன். "பேட் பெட் ஆகணும் ப்ரோ, ரெண்டு நாள்ல செட்டாயிடும்" என்றார்கள். இந்தப் பதிலை எங்கே கேட்டாலும் உஷாராகிவிடுங்கள். புது பேட் டிஸ்க்கோடு படிவதற்குக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். படியாத பேட்டில் பிடிமானம் குறையும், ஆனால் பெடல் கல் மாதிரி நிற்கும். பெடல் அமுங்கிக்கொண்டே போனால் ஒன்று லைனில் காற்று இருக்கிறது, அல்லது காலிப்பருக்கும், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் பொருத்தமில்லை. இரண்டாவதைப் பற்றிக் கடையில் முன்பே கேட்டிருந்தேன், பிஸ்டன் விட்டம் என்ன என்று. "அதெல்லாம் ப்ளக் அண்ட் ப்ளே ப்ரோ." பிஸ்டன் பரப்பு கூடினால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், மாஸ்டர் சிலிண்டரோ பழையதுதான். அந்த வித்தியாசம் பெடல் பயணத்தில்தான் தெரியும். விட்டம் தெரியாமல் பொருத்தம் எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்த டிராக் டேயில் முதல் செஷன் பாதி கூட முடியவில்லை. மெயின் ஸ்ட்ரெயிட் முடிகிற இடத்தில் மிதித்தேன், பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. இரண்டு முறை பம்ப் அடித்ததில் கொஞ்சம் பிடித்தது, கியரை இறக்கினேன், வண்டி தார் தாண்டி மண்ணில் போய் நின்றது. எனக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் யாரும் ஒட்டி வராதது அதிர்ஷ்டம்.

டிராக் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற பிட்டில், ரேஸ் வண்டிகளோடு பல வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். "வீலைக் கழட்டு தம்பி" என்றார். கழற்றியதும் குனிந்து பார்த்தார், எதையும் தொடவில்லை. "நிப்பிள் எங்க இருக்கு பாரு." ஏர் எடுக்கிற பிளீட் நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. இடது பக்கத்துக் காலிப்பரை வலது பக்கமும், வலதை இடதும் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். காற்று மேலேதான் ஏறும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் மேலே ஒரு குமிழி மாட்டிக்கொண்டேதான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும்.

அதோடு முடியவில்லை. காலிப்பரில் இருந்த பிரபல கம்பெனியின் பெயர் வெறும் ஸ்டிக்கர். சூட்டில் ஒரு ஓரம் பழுத்துச் சுருண்டு, நகத்தால் சுரண்டினால் கையோடு வந்தது. டிஸ்க் விளிம்பில் தேய்மான வரம்பு இத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள், இதில் அப்படி எதுவுமே இல்லை. துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஆரம்பித்திருந்தன. பேட்டின் பின்தகட்டில் காம்பவுண்டு (பேட் கலவை) எண்ணும் இல்லை, கம்பெனி எண்ணும் இல்லை, பெயின்ட் மட்டும்தான். 'ஸ்டீல் ஹோஸ்' என்று காசு வாங்கியிருந்தார்கள். வண்டியோடு வந்த பழைய ரப்பர் ஹோஸ் அப்படியே இருந்தது. ஹோஸைக் காலிப்பரோடு பூட்டுகிற பேஞ்சோ போல்ட்டில் பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டதால் அந்த இடம் ஆயிலில் கசிந்து ஈரமாக இருந்தது. உள்ளே இருந்த ஆயில் பழுப்பு நிறம். புது ஆயில் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். ஈரம் பார்க்கிற சோதனைப் பேனாவை நனைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

எனக்கு அதிகமாக வயிறு கலங்கியது இதில் எதற்கும் இல்லை, வீல் போல்ட்டைப் பார்த்துத்தான். காலிப்பர் 15 இஞ்ச் அலாயில் இடித்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் தகடு வைத்து, பழைய போல்ட்டையே போட்டு முடுக்கிவிட்டார்கள். ஃபோக்ஸ்வேகனில் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கிடையாது, போல்ட் நேராக ஹப்புக்குள் போகும். மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் மூன்று சுற்றுக்கு மேல் மரைப் பிடிப்பு போச்சு. ஸ்பேசர் வைத்தால் அந்த அளவுக்கு நீள போல்ட் போட்டே ஆக வேண்டும். அந்த வண்டியில்தான் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு தாம்பரம் வரை போய் வந்திருந்தேன்.

போட்டோ, வீடியோ எல்லாவற்றோடும் கடைக்குப் போனேன். வந்த பதில்: "டிராக்ல ஓட்டினா வாரண்டி கிடையாது ப்ரோ." 'டிராக் ஸ்பெக்' என்று அவர்களே அனுப்பிய கொட்டேஷனைக் காட்டினேன். "அது மார்க்கெட்டிங்." கூலியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்லி, பிறகு போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, அதன் பிறகு மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆக்சஸரீஸ் பில்லை நம்பி இருந்தால் கதை கந்தல், கையில் இருந்த வாட்ஸ்அப் கொட்டேஷன்தான் இப்போது முக்கிய ஆதாரம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். கழற்றிய பாகங்களையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, என்னதான் போடுவது? என் கருத்தில் முதல் செலவு ஆயில்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற ஆயில் வகைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தரப்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. டாட் 5.1 என்றால் 260-ம் 180-ம். கொதித்த ஆயிலில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். டிராக்குக்கென்றே வருகிற டாட் 4 ஆயில்கள் புதிதில் 300 டிகிரியைத் தாண்டும். அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் தொடாதீர்கள். அது சிலிகோன், மற்றதோடு சேராது, ஏபிஎஸ் (வீல் லாக் ஆகாமல் தடுக்கிற அமைப்பு) வண்டிக்கு ஆகாது.

அடுத்தது பேட். முழு ரேஸ் பேட் வேண்டாம், காலையில் ஆபீஸ் போகும்போது குளிர்ந்த நிலையில் பிடிக்காது, சத்தமும் தாங்காது. ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவில் இருக்கிற காம்பவுண்டு போதும். கம்பெனி வெளியிடும் வெப்ப வரம்பைக் கேட்டு வாங்குங்கள். துளையில்லாத, காற்றோட்டமுள்ள சாதா டிஸ்க்கே நல்லது. துளை போட்டது அழகுக்கு, விரிசல் ஆரம்பிப்பதும் அங்கேதான். பின் டிரம்மை விட்டுவிடலாம். முன்பக்கம் சூடாகிற வண்டியில் பின்னால் டிஸ்க் போட்டு என்ன ஆகப் போகிறது? முன்பின் பிரேக் விகிதம் மாறி, ஏபிஎஸ் கம்பெனியில் கணக்குப் போட்டு வைத்ததும் கெடும்.

இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால்தான் பெரிய டிஸ்க். அப்போதும் அதே குழுமத்தின் பெரிய வண்டியில் வருகிற கம்பெனி காலிப்பரும் டிஸ்க்கும் தேடுங்கள். எந்த வீலுக்குள் அடங்கும் என்பதைப் பணம் கட்டும் முன் அளந்து பாருங்கள். ஆர்சி விஷயத்தில் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சாதா இன்சூரன்ஸ் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை எதுவும் அடங்காது.

இப்போது என் வண்டியில் பழைய காலிப்பர்தான் இருக்கிறது. நல்ல பேட், புது ஆயில், நிஜமான ஸ்டீல் ஹோஸ் மூன்றும் சேர்த்து அந்தக் கிட் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. முழு செஷன் ஓட்டினாலும் பெடல் நிற்கிறது. கடைசிச் சுற்றை மட்டும் மெதுவாக, பிரேக் தொடாமல் ஓட்டி ஆற வைக்கிறேன். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடுவதில்லை, வீலுக்கு முட்டுக்கட்டை வைக்கிறேன்.

சமீபத்தில் இதே மாதிரி கிட் போட்டிருந்தால், முதலில் ஒரு வீல் போல்ட்டைக் கழற்றித் திரும்பப் போட்டு எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். ஏழரை சுற்றுக்குக் குறைவாக இருந்தால் வண்டியை ஓட்டாமல் டோ பண்ணிக்கொண்டு போங்கள். அப்புறம் நிப்பிள் மேலே இருக்கிறதா பாருங்கள்.