தோட்டத்துப் பட்டணத்துக்கு ஏற்ற கிட்டார்: ஸ்குவையர் கிளாசிக் வைப் 50ஸ் டெலிகாஸ்டர்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எலக்ட்ரிக் கிட்டார் கெட்டுப்போனால், பழுது பார்க்கத் தெரிந்தவரைத் தேடி ஈப்போவுக்கு ஓட வேண்டியிருக்கும். சுமார் 30 கிலோமீட்டர். கோயில் திருவிழா மேடை நாளை மாலை என்றிருக்கும்போது அந்த 30 கிலோமீட்டர் ரொம்பத் தூரம். அதனால் இங்கே கிட்டார் வாங்குகிறவர், சத்தம் எப்படி என்று கேட்பதற்கு முன்பே, ஒரு ஸ்குரூடிரைவரும் அலென் சாவியும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால், பழைய பாணிக் கிட்டார்களில் முதலில் கையில் எடுக்க வேண்டியது டெலிகாஸ்டர் வகைதான். அதில் நியாயமான விலைக்குக் கிடைக்கும் ஸ்குவையர் கிளாசிக் வைப் 50ஸ் டெலிகாஸ்டரைத்தான் இங்கே பார்க்கிறோம்.

டெலிகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்ப்பவராக இருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கருவி எங்கே உடையும், எதை எப்படிக் கழற்றி மாட்டுவது என்பது அத்துப்படி. அதுவரை கிட்டார் செய்தவர்கள் பெரும்பாலும் நெக் என்னும் கழுத்துப் பகுதியைப் பசை போட்டு உடலோடு ஒட்டினார்கள். அவர் நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். 1950இல் ஒற்றைப் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) எஸ்கொயர் என்றும், இரட்டைப் பிக்கப்போடு பிராட்காஸ்டர் என்றும் வந்தது. கிரெட்ச் நிறுவனம் பிராட்காஸ்டர் என்ற பெயரில் ஏற்கெனவே டிரம் விற்றுக்கொண்டிருந்ததால், 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. உருவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பிக்கப் இரண்டு, குமிழ் இரண்டு, மூன்று நிலை சுவிட்ச் ஒன்று. குமிழ்கள் இருக்கும் தகட்டில் இரண்டு திருகாணியைக் கழற்றினால் மொத்த வயரிங்கும் கைக்கு வந்துவிடும்.

மற்ற பழைய பாணிகளை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறோம் என்பதையும் சொல்லிவிடலாம். 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் வகைக்கு கனமான ஒலி; ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் இருந்தால் இரைச்சலும் இருக்காது. ஆனால் பல கிட்டார்கள் நான்கு கிலோவைத் தாண்டும். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் முறிவது அந்த இடத்தில்தான். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அழகான கிட்டார், மேடையில் தோளில் உட்காரும் விதமும் சுகம். அதன் பிரிட்ஜ், அதாவது கம்பிகளை உடலில் தாங்கும் பகுதி, ஸ்பிரிங்கில் மிதக்கிறது என்பதுதான் சிக்கல். பாட்டின் நடுவில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். டெலிகாஸ்டரில் ஒன்று அறுந்தாலும் மீதி ஐந்தை வைத்துப் பாட்டை முடித்துவிடலாம்.

இனி கிளாசிக் வைப். ஸ்குவையர் என்பது ஃபெண்டரின் மலிவு விலைப் பெயர். அதற்குள் மேல்தட்டு வரிசைதான் இது. இப்போது இந்தோனேசியாவில் செய்கிறார்கள். உடல் பைன் மரம், நெக்கும் ஃப்ரெட் பலகையும் மேப்பிள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம் 648 மி.மீ.; நெக்கின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் எலும்பு நட் 42 மி.மீ. அகலம்; 21 ஃப்ரெட் (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை); அல்னிக்கோ காந்தம் வைத்த சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் இரண்டு. கம்பிகளைப் பின்பக்கத் துளை வழியாக ஏற்றிக் கொண்டுவர வேண்டும். 21 ஃப்ரெட் என்றால் மேலே சி ஷார்ப்போடு நின்றுவிடும். உச்சி டி வேண்டுமானால் கம்பியை இழுத்துத்தான் எட்ட வேண்டும். விலை கடைக்குக் கடை மாறும். 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

நம் வாசிப்புக்கு இதில் ஒரு பெரிய நல்லது இருக்கிறது. 1950களின் அசல் டெலிகாஸ்டரில் ஃப்ரெட் பலகை 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்திருக்கும். கார்டு பிடிக்க அது சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை இழுத்தால், இழுபட்ட கம்பி வளைவின் முகட்டில் இருக்கும் ஃப்ரெட்டில் மோதி ஒலி பாதியில் செத்துப்போகும். சினிமாப் பாட்டின் கமகங்களை கிட்டாரில் கொண்டுவர ஒன்றரை ஸ்வரம் (மூன்று ஃப்ரெட் அளவு) வரை இழுக்கிறவர்களுக்கு அது கழுத்தறுப்பு. கிளாசிக் வைப்பில் ஆரம் 9.5 அங்குலம், வளைவு குறைவு. கடையில் மெல்லிய ஈ கம்பியை 12, 15, 17ஆவது ஃப்ரெட்டுகளில் முழு ஸ்வரம் இழுத்து, அப்படியே நிறுத்திப் பாருங்கள். ஒலி மூச்சு முட்டாமல் தானாக அடங்கினால் நெக் சரி.

குறைகள் உண்டு. முதல் குறை பிரிட்ஜ். ஆறு கம்பிக்கு, கம்பி உட்காரும் உருளைச் சேடில் மூன்றுதான். ஒவ்வொன்றும் இரண்டு கம்பியைத் தாங்குகிறது. ஒரு கம்பிக்குச் சரியாக நீளம் வைத்தால் பக்கத்துக் கம்பி சில சென்ட் (ஒரு ஃப்ரெட் சுருதியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகும். டி, ஜி இரண்டும் ஒரே சேடிலில் உட்கார்ந்திருப்பதுதான் காதில் அதிகம் உறுத்தும். ஒன்று சுற்றுக்கம்பி, மற்றது வெறுங்கம்பி. தனியாக வாசிக்கும்போது தெரியாது. கீபோர்டு பக்கத்தில் நின்று மேல் ஃப்ரெட்டில் கார்டு பிடித்தால் தெரியும். பிழையை இரண்டு கம்பிக்கும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டு வைப்பது ஒரு வழி. சாய்வாகச் செதுக்கிய பித்தளைச் சேடில் மூன்றை வாங்கி மாட்டுவது இன்னும் நல்ல வழி. திருகாணியைக் கழற்றி மாற்றும் வேலைதான், மரத்தில் எதையும் துளைக்க வேண்டாம்.

இரண்டாவது, நெக்கின் பின்பக்கத்தில் பளபளவென்று தடித்த பூச்சு. நம் ஊர்ப் புழுக்கத்தில், கூரை மட்டும் போட்ட மண்டபத்தில், இரண்டாவது பாட்டிலேயே உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் நாரில் மிக நைஸான ரகத்தை எடுத்து, பின்பக்கத்தை மட்டும் மர ரேகையின் போக்கில் மெதுவாகத் தேய்த்தால் பளபளப்பு மங்கி, கை வழுக்கிக்கொண்டு போகும். ஃப்ரெட் பலகைப் பக்கம் நாரைக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது குறை இரைச்சல். அது இந்தக் கிட்டாரின் கோளாறு என்று சொல்ல முடியாது, சிங்கிள் காயிலின் பிறவிக்குணம். கம்பியின் அதிர்வை வாங்கும் அதே சுருள், சுற்றியுள்ள மின்சார இரைச்சலையும் வாங்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டேவானில் (பொது மண்டபத்தில்) பழைய குழல்விளக்கும் மேடை டிம்மரும் எரியும்போது ஸ்பீக்கரில் வரும் "ம்ம்ம்" அதிலிருந்து வருவதுதான். கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955இல் இதற்காகவே இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். இந்த இரைச்சல் உங்களுக்கு ஒத்தே வராது என்றால் யமஹா பசிஃபிக்கா 112வி பாருங்கள். அதில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர்; டோன் குமிழை இழுத்தால் ஒற்றைச் சுருளாகவும் மாறும். மிதக்கும் பிரிட்ஜ் சங்கடத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கடையில் இரைச்சலைச் சோதிக்கும்போது, கம்பியில் கை வைத்ததும் குறைந்தால் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். கை வைத்ததும் கூடினால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கலாம், ஜாக்கில் இரண்டு வயரும் மாறியிருக்கலாம், அல்லது கடையின் பிளக்பாயிண்ட்டிலேயே எர்த் இல்லாதிருக்கலாம். வேறு ஆம்ப், வேறு பிளக்பாயிண்ட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆம்பின் சத்தத்தை நன்றாக ஏற்றி, பிரிட்ஜ் பிக்கப்பை விரல் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். டக்கென்று மைக்கைத் தட்டியதுபோல் கேட்டால், மேடையில் அந்தப் பிக்கப் கீச்சிடும். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடியில் ஓர் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். அது தளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

கருவிப்பெட்டி இல்லாமலே நெக்கை அளக்கலாம். தடித்த ஈ கம்பியை இடது கையால் முதல் ஃப்ரெட்டிலும், வலது கையால் 17ஆவது ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் 7, 8ஆவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. இரண்டாக மடித்த தாள் தாராளமாக நுழைய வேண்டும், நான்காக மடித்தது முட்ட வேண்டும். அடுத்து கம்பியின் உயரம். எதையும் அழுத்தாமல் 17ஆவது ஃப்ரெட்டின் மேல் பாருங்கள்; 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. பாங்க் கார்டு ஒன்று 0.76 மி.மீ. இரண்டு கார்டைச் சேர்த்துச் செருகினால், கம்பியைத் தூக்காமல் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். மூன்று கார்டு போகிறதென்றால் உயரம் அதிகம். சேடிலின் சிறு திருகாணிகளில் இறக்கலாம். அந்தத் திருகாணி முனைகள் மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறுகிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இரண்டு ஈ கம்பிகளும் ஃப்ரெட் பலகையின் ஓரத்திலிருந்து சம தூரத்தில் ஓட வேண்டும். ஒரு பக்கம் விளிம்பை ஒட்டிப் போனால் நெக் அதன் குழியில் சற்றுத் திரும்பியிருக்கிறது. நான்கு திருகாணியையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, நெக்கைச் சரியான பக்கம் தள்ளி முடுக்கினால் தீர்ந்தது. ஜாக்கில் வயரைச் செருகி ஆட்டிப் பாருங்கள். பழைய வடிவ டெலிகாஸ்டரில் ஜாக் ஒரு சிறு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். கிண்ணமே சுழன்றால் உள்ளே வயர் முறுக்கி அறும். இரண்டு மரத்திருகாணியால் பிடிக்கும் தட்டையான ஜாக் தகட்டுக்கு மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு. சுருதி ஏற்றும்போது நட்டிலிருந்து "டிங்" என்று கேட்டால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. 2பி பென்சிலால் பள்ளத்தில் நாலு கோடு இழுத்தால் போதும்.

இன்டர்நெட்டில் வாங்கினால் இந்தச் சோதனை எதையும் முன்கூட்டிச் செய்ய முடியாது. திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்து முடியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மழைதான் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் ஏறும்போது மரம் ஊறி, நெக் கம்பியின் இழுப்புக்கு முன்னோக்கி வளையும். கம்பி உயர்ந்து கை வலிக்கும். நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டான டிரஸ் ராடை கடிகார முள் போகும் திசையில் கால் சுற்று முடுக்கி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி தாள் வைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று சுற்றியவர்களின் கிட்டாரில் திருகாணியே மழுங்கிப்போயிருக்கும். நெக் சரியான பிறகுதான் சேடிலை நகர்த்திக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும்: 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலி, அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு இழுக்கவும், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ளவும். வால்யூம் குமிழ் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, குமிழை இருபது முறை திருப்புங்கள்.

கம்பி ஏற்றுவதில் இந்தக் கிட்டாருக்கு ஒரு தனி முறை உண்டு. சுருதி முளையின் தலையில் பிளவும், நடுவில் துளையும் இருக்கும். கம்பியை இறுக்கி, முளையைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டி, நுனியைத் துளைக்குள் இறக்கி, பிளவில் மடித்து, கீழ்நோக்கிச் சுற்ற வேண்டும். நுனி உள்ளே ஒளிந்துகொள்வதால் விரலைக் குத்தாது. வெட்டாமல் சுற்றினால் கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுருதி நிற்கவே நிற்காது.

மேடையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆம்ப் இல்லையென்று கிட்டார் வயரை நேராக மேடை ஒலிபெருக்கியின் பிஏ மிக்சரில் லைன் துளையில் செருகுவார்கள். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிப்போகும். பழி கிட்டார் மேல் விழும். இந்தப் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவு உள்ளீட்டு மின்தடை வேண்டும். மிக்சரின் லைன் துளை பெரும்பாலும் பத்துப் பதினைந்து கிலோஓம்தான், உச்ச ஒலிகளை விழுங்கிவிடும். நடுவில் கிட்டார் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் ஆக்டிவ் டிஐ பெட்டி, அல்லது ஆம்பின் ஒலியை நகலெடுக்கும் (ஆம்ப் சிமுலேஷன்) மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி வேண்டும். கிட்டாருக்கு ஒதுக்கும் பணத்திலேயே அதற்கும் எடுத்து வையுங்கள். வரும்போது 009 செட் கம்பி (மெல்லிய ஈ 0.009 அங்குலத் தடிமன்) போட்டிருக்கும். இழுப்புக்கு அதுவே சரி. பெட்டியில் இன்னொரு செட்டும், தனியாக மெல்லிய ஈ மூன்றும், அலென் சாவியும், உலர்ந்த துணியும் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் அந்தத் துணியால் கம்பிகளின் அடிப்பக்கத்தையும் துடைத்து வையுங்கள்; வியர்வையில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.