கையில் 5 லட்சம்: மனையா, கடனில் வீடா, ஒத்தியா, ரீட்டா?

சித்தப்பா மகன் மதுரையில் வேலை பார்க்கிறான். ஏழு வருஷமாகச் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறான். "அண்ணே, இதை இடத்துல போடணும், எதுல போடலாம்?" என்று கேட்டான். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தொகையோடு தொடங்க நினைக்கும் பலருக்கும் இதே நான்கு வழிகள்தான் கண்ணில் படும்.

முதலில் மனை. நம் ஊரில் இடம் என்றாலே மனைதான் நினைவுக்கு வருகிறது. (மனையையும் பிளாட் என்கிறோம், அடுக்குமாடி வீட்டையும் பிளாட் என்கிறோம். விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்பவர்கள் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஊருக்கு வெளியே 4.5 லட்சத்துக்கு ஒரு மனை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று 40,500 ரூபாய் போகும். மனைவி அல்லது அம்மா பெயரில் பதிந்தால், 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைகிறது. அப்புறம் தரகு, கல் ஊன்றுவது, வேலி. கையிருப்பு அதோடு முடிந்தது.

மனை வாடகை தராது. விலை ஏறினால்தான் லாபம். "பத்து வருஷத்தில் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு" என்று பெருமையாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது ஆண்டுக்கு 7.2% வளர்ச்சிதான். பதிவுச் செலவைக் கழித்தால் இன்னும் குறையும். வேகமாக ஏறிய மனைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது ஏறும் என்பது வாங்கும் அன்று தெரியாது.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அப்பா 2009-இல் மேல்மருவத்தூர் தாண்டி ஒரு கிரவுண்டு வாங்கினார், 1,20,000 ரூபாய்க்கு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று விற்றவர்கள் சொன்னதை நம்பினார். 2016 நவம்பரில் அம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை. மனையை விற்றுவிடலாம் என்றால், அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த செப்டம்பரில்தான் தடை போட்டிருந்தது. வாங்க ஆள் இருந்தும் பத்திரம் பதிய வழியில்லை. அம்மாவின் நகைதான் மருத்துவமனைக்குப் போனது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்த பிறகு பணம் கட்டிச் சரிசெய்தோம். மனை இன்றும் இருக்கிறது. தேவைப்பட்ட அன்று அது பணமாகவில்லை என்பதை நான் மறக்கவே மாட்டேன்.

ஆகவே மனைதான் என்று முடிவு செய்பவர்கள் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தந்த அங்கீகார எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, அந்தந்த இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), பட்டா, புல வரைபடம் நான்கையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

மாதம் 5,000 வீதம் 60 தவணை, கடைசியில் பத்திரம் என்று விற்கும் மனை வேண்டவே வேண்டாம். ஐந்து வருஷம் பணம் கட்டியும் கையில் ஒரு பாஸ் புத்தகம் மட்டும் இருக்கும், நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. இதைச் சொல்லி ஒப்பந்தம் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, வங்கிக் கடனில் ஒரு சின்னப் பழைய வீடு. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் 5 லட்சத்தில் இது நிற்கவில்லை. 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 80% கடன் என்றால் 16 லட்சம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90% வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னாலும், அது மேல் வரம்புதான். பழைய கட்டடத்துக்கு அவ்வளவு கிடைக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது. கைக்காசு 4 லட்சம், பதிவுக்கு 1.8 லட்சம் என்று அப்போதே 5 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 8.5% வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 13,900. வாடகை 8,000 வந்தால் மாதம் 5,900 கையிலிருந்து போடவேண்டும், வீடு காலியாக இருக்கும் மாதங்களில் முழுவதும். அவனே குடியிருக்கப் போவதென்றால் இது வேறு பேச்சு.

மூன்றாவது ஒத்தி. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. சென்னைப் பக்கம் போக்கியம், லீஸ் என்பார்கள். இதை யாரும் முதலீடாகவே பார்ப்பதில்லை, எனக்கு அது வருத்தம். தம்பி மாதம் 7,000 வாடகை கட்டுகிறான், வருஷத்துக்கு 84,000. அதே மாதிரி வீடு 5 லட்சத்துக்கு ஒத்திக்குக் கிடைத்தால், மிச்சமாகும் வாடகை போட்ட பணத்தில் 16.8%! வீட்டு விலை ஏறினால் அவனுக்கு ஒன்றும் இல்லை, போட்ட 5 லட்சம்தான் திரும்பும். ஆனால் மாதம் மிச்சமாகும் 7,000-ஐச் சேர்த்தால் ஐந்து வருஷத்தில் 4,20,000. அதுவே அடுத்த முதலீட்டுக்கு முதல்.

ஆபத்து பத்திரத்தில் இருக்கிறது. முத்திரைத் தாளில் 11 மாத ஒப்பந்தம் மட்டும் எழுதி, ரொக்கமாகக் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறார்கள். வீட்டுக்காரர் பெயரில் அதற்கு முன்பே வங்கிக் கடன் இருந்தால், ஏலம் என்று வரும்போது வங்கிக்குத்தான் முன்னுரிமை. பணம் திரும்பும்வரை வீட்டை அனுபவிக்கும் சுவாதீன அடமானமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். செலவு உண்டு, யார் கட்டுவது என்று முன்பே பேசிக்கொள்ளவேண்டும். பதிய மறுக்கும் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் வேறு வீடு பாருங்கள்.

நான்காவது ரீட். பலரிடமிருந்து பணம் திரட்டி அலுவலக வளாகம், மால் போன்றவற்றை வைத்திருக்கும் அறக்கட்டளை இது. அதன் யூனிட்டுகள் பங்குச் சந்தையில் கிடைக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-இல் விதி வகுத்தது, 2019 ஏப்ரலில் எம்பசி ரீட் முதலாவதாகச் சந்தைக்கு வந்தது. வடபழனி விஜயா மாலுக்குப் போயிருப்பீர்கள். அது 2023-இல் வந்த நெக்ஸஸ் ரீட்டின் சொத்து. 2021 முதல் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) போதும். பகிர்ந்தளிக்கத்தக்க வருமானத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

விலை ஏறும் என்று மட்டும் நம்பாதீர்கள். எம்பசி 300 ரூபாயில் தொடங்கி, 400-ஐத் தாண்டிப் போய், 2023-இல் மறுபடி 300 பக்கமே வந்து நின்றது. அதே நேரம் 2020-21 முதல் மூன்று நிதியாண்டும் யூனிட்டுக்கு 21 ரூபாய்க்கு மேல் பணம் கொடுத்தது, அதாவது 300-க்கு 7 சதவீதம். அதில் வட்டி, ஈவுத்தொகை, ரீட் கொடுத்த கடன் திரும்பி வந்த தொகை என்று பல வகை கலந்திருக்கும், வரியும் வகைக்கு ஏற்ப மாறும். மண் என்று தொட்டுக்காட்ட எதுவும் இருக்காது, பெரியவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் மருத்துவமனைக்கு அவசரமாக 50,000 தேவை என்றால் அந்த அளவு யூனிட்டை மட்டும் விற்று எடுக்கலாம். மனையில் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்க முடியுமா?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்குவது பற்றியும் கேட்டான். ஒருவர் விற்க நினைத்தாலும் மற்றவர்கள் கையெழுத்துக்கு அலையவேண்டும், அதனால் வேண்டாம் என்றேன்.

அவனுக்கு நான் சொன்ன வரிசை இதுதான். வாடகை வீட்டில் இருப்பதால் முதலில் ஒத்தி, பதிந்தால் மட்டும். மிச்சமாகும் வாடகையில் மாதாமாதம் ரீட் யூனிட். மனை அதற்கு அப்புறம், கடன் வாங்காமல் பதிவுச் செலவையும் கட்ட முடிகிற அன்று.

போன வாரம் ஒரு வீட்டைப் பேசி முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் பார்க்கச் சொன்னேன். 2021-இல் ஒரு வங்கியில் பத்திரம் ஒப்படைத்துக் கடன் வாங்கியது பதிவாகியிருந்தது. வீட்டுக்காரர் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறான்.