சியெனா வெள்ளை ரோட்டில் வாடகைக் கிரவல் சைக்கிள்: எது காசுக்குத் தகும், எது தகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் சியெனா பக்கம் சைக்கிள் ஓடப் போகிறவர்கள் கிரவல் சைக்கிளை, அதாவது கல்லு ரோட்டுக்கென்று அகல ரயர் போட்ட சைக்கிளை, மட்டும் வாடகைக்கு எடுங்கள். அதோடு சேர்த்துத் தலையில் கட்டுகிற பக்கேஜ், அதாவது ஃபோனுக்கு வழி வரைபடம், பை சுமக்க வான், அவசரத்துக்கு ஒரு நம்பர், இதெல்லாம் வேண்டாம். சைக்கிளுக்குக் கொடுத்த காசு செரித்துவிட்டது. பக்கேஜுக்குக் கொடுத்தது இன்னும் நெஞ்சைக் கரிக்கிறது.

நான் திருகோணமலைப் பக்கம் உப்புவெளிக்காரி, கணக்கு ரீச்சர், ஐம்பதைத் தாண்டியாயிற்று. விடிய நிலாவெளி ரோட்டால் சைக்கிள் ஓடுகிற பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் கோணேசர் கோயிலுக்குப் போகிற சுவாமிமலை ஏற்றம் ஒன்றுதான். மற்றப்படி கச்சான் காற்று முகத்தில் அடிக்கிறபோது அதையே ஏற்றம் என்று நினைத்து மிதிக்க வேண்டியது. இப்படிப்பட்ட கால்களுக்கு அந்த ஊர் ஒத்துவருமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணா குடும்பம் றெஜ்ஜோ எமிலியாவில் இருக்கிறது. மே மாதம் அங்கே நின்றபோது, அண்ணாவின் மகளும் நானும் புளோரன்ஸ் வழியாக ரயிலில் சியெனா போனோம். இத்தாலி பாஷை கதைக்க அவள், காசு கட்ட நான்.

அந்தப் பக்கத்து மலைகளுக்குள் தார் போடாத ரோட்டுகள் இன்னும் நிறைய உண்டு. வெளிறிய கல்லும் தூசியும் கலந்த ரோட்டு என்பதால் 'ஸ்திராதே பியாங்கே', வெள்ளை ரோட்டுகள் என்கிறார்கள். திராட்சைத் தோட்டத்துக்கும் பண்ணை வீடுகளுக்கும் போகிற ரோட்டுகள்தான். இவற்றையும் தார் போட்டு மூடிவிடுவார்களே என்ற கவலையில் 1997ல் கயோலே இன் கியாந்தி என்ற சின்ன ஊரிலிருந்து 92 பேர் பழைய சைக்கிள்களில் கிளம்பினார்கள். அதுதான் 'லெரோயிகா' என்ற சைக்கிள் விழாவின் தொடக்கம். இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 1987க்கு முந்திய ரேஸ் சைக்கிள்தான் வேண்டும் என்பது அவர்கள் விதி. அப்பாவின் ரலி சைக்கிள் வயதில் தேறும், ரேஸ் சைக்கிள் என்பதில்தான் கோட்டை விடும்.

அந்த ஒரு நாள் விழாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. விழாவின் முழுப் பாதை 209 கிலோமீற்றர். வழிநெடுகப் பழுப்பு நிறப் பலகை நட்டிருக்கிறார்கள். வருடம் முழுக்க யாரும் ஓடலாம், ஒரு சதம் கட்டத் தேவையில்லை. கயோலேயில் தொடங்கி, ப்ரோலியோ கோட்டை, சியெனா ஓரம், மொந்தால்சீனோ பக்கம், புவோன்கொன்வெந்தோ, அஷ்யானோ, ராத்தா என்று சுற்றித் திரும்ப கயோலே. மொத்த ஏற்றத்தைக் கூட்டிப் பார்த்தால் 3,000 மீற்றரைத் தாண்டும். இலங்கையிலேயே உயரமான எங்கள் பீதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான். ஒரே நாளில் முடிக்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால் அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. நாங்கள் துண்டு துண்டாகத்தான் ஓடினோம். "மாமி, இது ரேஸ் இல்லை. நிண்டு நிண்டு போவம்" என்றாள் பிள்ளை. நல்ல கொள்கை.

சரி, சைக்கிள். கடைக்காரர் முதலில் கொண்டுவந்தது 54 அளவு ஃபிரேம் (சென்ரிமீற்றர் கணக்கு). நான் 5 அடி 2 அங்குலம், அதைப் பதியும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். சீற்றை அடிமட்டம் வரை இறக்கிவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். மேல் குழாய்க்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கக்கூட எனக்கு இடமில்லை. பிள்ளை விடவில்லை. கொஞ்சம் கதைவழிப்பட்ட பிறகு பின்னறையிலிருந்து 49 ஒன்று வந்தது. எங்கள் உயரத்து ஆட்கள் அளவு கைக்கு வரும்வரை அசையக்கூடாது. சின்ன அளவுகள் கடைகளில் குறைவு, முந்திச் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். நான் விசாரித்த இடங்களில் வாடகை நாளுக்கு 40 முதல் 60 யூரோ வரை.

49 வந்த பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷிமானோவின் கிரவல் கியர், ஜிஆர்எக்ஸ். முன்னுக்கு 46, 30 பல் சக்கரங்கள், பின்னுக்குப் பெரியது 34. கணக்கு ரீச்சர் என்பதால் சொல்கிறேன்: 30க்கு 34 போட்டால் பெடல் ஒரு சுற்று வந்தும் பின் சில்லு ஒரு முழுச் சுற்று வராது. வேகம் நடையை விடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. கியர் இல்லாத லுமாலா என்ற எங்கள் ஊர்ச் சைக்கிளில் ஓடிப் பழகிய எனக்கு இந்த ஒரு விஷயத்துக்கே முழு மார்க்ஸ் கொடுக்கலாம்.

ரயர் 40 மில்லிமீற்றர் அகலம், உள்ளே ரியூப் கிடையாது. ரயருக்குள் ஒரு பால் ஊற்றியிருக்கிறார்கள், முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். கடையில் காற்றைக் கல்லுப்போல் அடித்துத் தந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே பின் சில்லு வழுக்கி வழுக்கிச் சுற்றியது. காற்றழுத்தத்தை 30 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தபோதுதான் ரயர் நிலத்தைப் பிடித்தது. என் எடைக்கு அது போதும், பாரமானவர்கள் கொஞ்சம் கூட வைக்கலாம்.

பிரேக் எண்ணெயில் வேலை செய்கிற டிஸ்க். இரண்டு விரல் போதும். ஆனால் எந்தக் கை முன் பிரேக் என்று ஏறுமுன் கேளுங்கள். எங்கள் ஊரில் வலது கை முன் பிரேக், ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது. இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இறுக்கிப் பிடித்தால் சைக்கிளுக்கு முன்னால் ஆள் போய்விடும்.

இந்தச் சைக்கிள் எதற்கென்று விளங்கியது மொந்தே சாந்தே மாரியே என்ற துண்டில்தான். அஷ்யானோவுக்கு அருகே 11.5 கிலோமீற்றர் தொடர்ந்து வெள்ளை ரோட்டு. 2007ல் தொடங்கிய தொழில்முறை ரேஸும் இதன் வழியேதான் வந்து சியெனாவின் பெரிய சதுக்கத்தில் முடிகிறது. அதை மூன்று தரம் வென்ற சுவிஸ்காரர் ஃபாபியன் கான்செல்லாராவின் பெயரை இந்தத் துண்டுக்கு வைத்திருக்கிறார்கள். மரம் அதிகமில்லாத சாம்பல் களிமண் மேடுகள். மே மாதம் என்பதால் கோதுமை பச்சையாக நின்றது. ரோட்டு மேட்டின் முதுகோடு ஏறி, திடீரென்று சரிந்து, மறுபடி ஏறும். இறக்கத்தில் தகரம் விரித்ததுபோல் குறுக்கே வரி வரியாக இருக்கும். அதில் கை இறுக்கினால் பல் கிட்டும். பிடியைத் தளர்த்தி, பின்பாரத்தைச் சீற்றிலிருந்து அரை அங்குலம் தூக்கி, சைக்கிளை அதன் போக்கில் விட்டால் அகல ரயர் பார்த்துக்கொள்ளும். கன்னியாவுக்கு உட்பக்கம் கிரவல் ரோட்டில் ஓடியவர்களுக்கு இந்த வித்தை ஓரளவு தெரியும். வித்தியாசம், இங்கே பின்னேரம் யானைக்குப் பயந்து நேரத்தோடு திரும்ப வேண்டும், அங்கே நாய் குரைப்பதோடு சரி.

மழை பெய்தால் கதை வேறு. அந்தக் களி ரயரில் அப்பி, சில்லுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்து, சைக்கிள் நின்றேவிடும். ஒரு பின்னேரம் தூறலுக்கே அப்படி ஆனது. ஒரு தடியால் கிண்டிக் கிண்டி நடந்துதான் தார் ரோட்டைப் பிடித்தோம்.

இனி அந்தப் பக்கேஜ். ஃபோனுக்குத் தந்த வரைபடம் எங்களைக் காசியா ரோட்டில் கொண்டுபோய் விட்டது. அது உரோமுக்குப் போகிற பெரிய ரோட்டு. லொறிகள் தோளை உரசுகிற மாதிரிப் போகின்றன. பாதைப் பலகைகளைப் பார்த்துப் போயிருந்தால் அதே ஊருக்கு மண் ரோட்டாலேயே போயிருக்கலாம் என்பது அடுத்த சந்தியில் நின்ற பழுப்புப் பலகையைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. அன்றோடு ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டோம். உடுப்புப் பை இரவு ஒன்பது மணிக்கு வந்தது, அதுவரை வியர்த்த உடுப்போடு இருந்தோம். அவசர நம்பருக்கு எடுத்தால் ஆங்கிலத்தில் ஒரு பதிவுக்குரல். ரயர் ஓரம் கிழிந்தபோது உதவியது வழியால் வந்த ஒரு தாத்தா. கிழிசலுக்கு உள்ளே ஒரு கடதாசிக் காசை மடித்து வைத்து, ரியூப் போட்டுக் காற்றடித்துத் தந்தார். அவருடைய காசு, அதுவும் ஐந்து யூரோ. திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊர்ப் பாணில்தான் உப்பே கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த வாய்க்கு முதல் கடி பெரிய ஏமாற்றம். ஆனால் அதே பாண் பழசான பிறகு அவரை விதையும் கறுத்த கோவா இலையும் சேர்த்துக் காய்ச்சுகிற 'ரிபொல்லீத்தா'வில் விழுந்தால், இரண்டு கோப்பை கேட்கத் தோன்றும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்களுக்கும் பொருந்தும், இறைச்சி போட்டதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிற காலம் ஏப்ரல், மே அல்லது செப்ரெம்பர், ஒக்டோபர். யூலை, ஓகஸ்ட் வெயில் எங்கள் ஊர் வெயிலுக்குக் குறைவில்லை, நிழலும் இல்லை. வாகனம் வலப்பக்கம் ஓடுகிற நாடு, வளைவுகளில் இதை மனதில் வையுங்கள். உதிரி ரியூப் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள், தாங்களாகத் தர மாட்டார்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் மதியம் ஒரு மணிக்கு முன் போய்விடுங்கள். சாப்பாட்டுக்குக் கடை பூட்டினால் மூன்றரை வரை திறக்காது, வைப்புப் பணத்தை வாங்காமல் பஸ் ஏறவும் ஏலாது.