காட்பாடியில் ஒரு பயணி, இருபது ஆட்டோ: காத்திருக்கும் செயல்முறைகளில் யாரை எழுப்புவது?

காட்பாடி சந்திப்பில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் நேரத்தில் வெளிவாசல் பக்கம் நின்று பாருங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் வெளியே வருகிறார். ஆட்டோவுக்குள் சாய்ந்து கண் மூடியிருந்த இருபது பேரும் எழுந்து அவரை நோக்கி நடக்கிறார்கள். சவாரி ஒருவருக்குத்தான். மற்ற பத்தொன்பது பேரும் திரும்பி வந்து உட்காருகிறார்கள். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த பயணி வருகிறார். மறுபடியும் இருபது பேர் எழுகிறார்கள்.

இதே காட்சியை ஒரு கணினிக்குள் பார்க்க நேர்ந்தது. வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு நான் பராமரிக்கும் சர்வர் அது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் தயாரானதும் மாலை 4 மணிக்குக் குறுஞ்செய்தி போகும். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் விடுதி எடுத்துத் தங்கி, ஊர் திரும்புவதா, இன்னும் ஒரு வாரம் இருப்பதா என்று தெரியாமல் இந்த ஒரு காகிதத்துக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திறப்பார்கள். அந்த நேரம் பார்த்து சர்வர் திணறியது. அவர்கள் முகத்தை நேரில் பார்த்தவன் என்பதால் எனக்கு அது சாதாரணக் கோளாறாகத் தெரியவில்லை.

வேலை அதிகமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு செயல்முறையை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் மாற்றங்களின் எண்ணிக்கை, வந்த கோரிக்கைகளுக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் இருந்தது. ஒரு செயல்முறை கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், என்னென்ன கேட்கிறது என்று வரிவரியாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியைப் போட்டுப் பார்த்தேன். இணைப்புகள் வந்து சேரும் வாசல்தான் சாக்கெட்; பல வாசல்களை ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் வசதி இபோல். 16 செயல்முறைகள் அதே சாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் சொந்த இபோலில் தூங்குகின்றன. ஓர் இணைப்பு வருகிறது. திரையில் வரிவரியாக இபோல் வெயிட் என்ற காத்திருப்பு முடிகிறது, வந்த இணைப்பை வாங்கிக்கொள்ளும் அக்செப்ட் அழைக்கப்படுகிறது. ஒரு வரியில் மட்டும் இணைப்பின் எண். மற்ற வரிகளில் எல்லாம் ‘ஈஅகெயின்’, அதாவது இப்போது ஒன்றுமில்லை, போய்விட்டுப் பிறகு வா. இன்னும் சில, விழித்து வெளியே வருவதற்குள் இணைப்பு கைமாறிப் போனதைக் கண்டு கெர்னலுக்குள்ளேயே மறுபடி தூங்கிப்போயின. அவை எஸ்ட்ரேஸில் தெரியாது. ஆனால் எழுந்த செலவு எழுந்ததுதான்.

இடி முழக்கத்தோடு ஓடும் மந்தை என்ற பொருளில் இதைத் தண்டரிங் ஹெர்ட் என்பார்கள். லினக்ஸுக்கு முன்னோடியான பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதுதான் இயல்பான வழக்கம். அங்கே ‘வேக்கப்’ என்ற அழைப்பு, ஒரு காரணத்துக்காகத் தூங்கும் எல்லோரையும் எழுப்பிவிடும். எழுந்தவர்கள் நிலைமையைத் தாங்களே சரிபார்த்து, தமக்கில்லை என்றால் மறுபடி தூங்க வேண்டும். தவறு நேராத முறை அது. இரண்டு மூன்று பேர் தூங்கும்போது செலவும் தெரியாது.

லினக்ஸ் கெர்னலின் 2.4 பதிப்பு வெளிவந்த 2001-லேயே அக்செப்டைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் தீர்ந்திருந்தது. காத்திருப்பு வரிசையில் ‘என்னை எழுப்பினால் வேறு யாரையும் எழுப்ப வேண்டாம்’ என்ற அடையாளத்தோடு செயல்முறைகள் நிற்கும். கெர்னல் வரிசையின் முன்புறத்திலிருந்து எழுப்பிக்கொண்டு வரும். அந்த அடையாளம் உள்ள முதல் ஆளை எழுப்பியதும் நின்றுவிடும். வேலை முடித்து வருபவர் வரிசையின் கடைசியில் போய் நிற்பார். ஆட்டோ நிலையத்தில் டோக்கன் போட்டது மாதிரி.

அப்படியானால் என் சர்வரில் ஏன் மந்தை ஓடியது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்தால் மீதியெல்லாம் எளிது. அக்செப்ட் அழைத்துத் தூங்குபவர் ‘ஒரு பயணியை எனக்குக் கொடு’ என்று கேட்டுவிட்டுத் தூங்குகிறார். இபோலையோ, அதே வேலையைச் செய்யும் செலக்ட், போல் என்பவற்றையோ அழைத்துத் தூங்குபவரோ ‘பயணி வந்தால் சொல்’ என்று மட்டும் கேட்கிறார். சொன்னதைக் கேட்டவர் அந்தப் பயணியை ஏற்றிக்கொள்வார் என்பதற்குக் கெர்னலிடம் எந்த உறுதியும் இல்லை. ஒருவரிடம் மட்டும் சொல்லி, அவர் ஏற்றாமல் விட்டால் பயணி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் கெர்னல் எல்லோரிடமும் சொல்கிறது. என் சர்வர் 80 (சாதாரண வலை இணைப்பு), 443 (மறையாக்கப்பட்ட இணைப்பு) என்று இரண்டு போர்ட்டுகளை, அதாவது எண்ணிட்ட வாசல்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கெட் வைத்துக் கவனித்தது. ஒன்றில் அக்செப்ட் போட்டுத் தூங்கினால் மற்றதைப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் இபோல் வந்தது, இபோலோடு மந்தையும் வந்தது.

இனி வழிகளுக்கு வருவோம்.

மிகப் பழையது பூட்டு. பூட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே வாசலுக்குப் போகலாம். வலை சர்வர் நிரலான அப்பாச்சி பல போர்ட்டுகளைக் கவனிக்கும்போது நெடுங்காலம் இப்படித்தான் செய்தது. இன்னொரு வலை சர்வர் நிரலான எஞ்சின்எக்ஸிலும் அக்செப்ட் மியூடெக்ஸ் என்ற பெயரில் இது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது, 2016-இல் 1.11.3 பதிப்பில்தான் இயல்புநிலையை மாற்றி அணைத்து வைத்தார்கள். பூட்டு கிடைக்காத எஞ்சின்எக்ஸ் செயல்முறை, வேறு வேலை எதுவும் வராவிட்டால் அரை விநாடி வரை காத்திருந்து மறுபடி முயலும். மந்தை நின்றுவிடும், உண்மைதான். ஆனால் கெர்னல் செய்ய வேண்டிய வேலையை நாம் வெளியே உட்கார்ந்து செய்கிறோம். பழைய கெர்னலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

அடுத்தது இபோல் எக்ஸ்க்ளூசிவ் என்ற கொடி, அதாவது அமைப்புக் குறி. ஜேசன் பேரன் எழுதியது, 2016 மார்ச்சில் லினக்ஸ் 4.5-இல் சேர்ந்தது. சாக்கெட்டை இபோலில் சேர்க்கும்போதே இந்தக் கொடியைக் கொடுத்தால், காத்திருப்பவர்கள் எல்லோரையும் எழுப்பாமல் கெர்னல் நிறுத்திக்கொள்ளும். ஒன்றைக் கவனியுங்கள்: ஆவணம் கொடுக்கும் உறுதி ‘ஒருவர் அல்லது அதற்கு மேல்’ என்பதுதான், ‘ஒரே ஒருவர்’ அல்ல. ஆகவே ஈஅகெயினை எதிர்கொள்ளும் வரியை அழித்துவிடாதீர்கள். முன்பே சேர்த்த சாக்கெட்டைப் பிறகு திருத்தி இந்தக் கொடியைப் போடவும் முடியாது. புதிதாகச் சேர்க்கும்போது மட்டுமே முடியும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு குறை இருக்கிறது. அக்செப்டில் எழுந்தவர் வரிசையின் கடைசிக்குப் போவார் என்றேன் அல்லவா? இபோலில் அப்படி இல்லை. இபோல் தன் பெயரை வரிசையில் ஒருமுறை எழுதிவிட்டால் அது அதே இடத்தில் நிற்கும். அதனால் வேலையில்லாமல் இருப்பவர்களில் அதே ஆளையே கெர்னல் திரும்பத் திரும்ப எழுப்பும். வாசலுக்குப் பக்கத்து ஆட்டோவுக்கே எப்போதும் சவாரி. அது போயிருந்தால்தான் அடுத்தது. மனிதர்களுக்கு இது அநியாயம். செயல்முறைக்கு வயிறு கிடையாது. சொல்லப்போனால், சற்று முன் ஓடியவனையே மறுபடி ஓடவிட்டால் அவனுடைய தரவு இன்னும் செயலியின் வேக நினைவகமான கேஷில் சூடாக இருக்கும். விண்டோஸ் என்டி 3.5 காலத்திலிருந்து உள்ள, இதே போன்ற வேலைக்கான ஐஓ கம்ப்ளீஷன் போர்ட், கடைசியாகத் தூங்கியவனை முதலில் எழுப்புவது தெரிந்தே செய்த முடிவு. ஆபத்து எங்கே என்றால், இணைப்புகள் நெடுநேரம் திறந்தே இருக்கும் சேவைகளில். ஒரே செயல்முறை ஓய்வு நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை கேட்கும்போது அது மட்டும் மூச்சு முட்டும், பக்கத்துச் செயல்முறைகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ரீயூஸ்போர்ட். கூகுளைச் சேர்ந்த டாம் ஹெர்பர்ட் எழுதி, 2013-இல் லினக்ஸ் 3.9-இல் வந்தது. இதில் பொதுவான சாக்கெட்டே கிடையாது. ஒவ்வொரு செயல்முறையும் அதே போர்ட்டில் தனக்கென ஒரு சாக்கெட் திறந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. வரும் இணைப்பின் இரு முனை முகவரிகளையும் இரு போர்ட் எண்களையும் ஒரு கணக்கில் போட்டு, கிடைக்கும் விடையை வைத்து எந்த வரிசை என்று கெர்னல் தீர்மானிக்கும். போட்டி இல்லை, பூட்டு இல்லை, மந்தை இல்லை. எஞ்சின்எக்ஸ் 2015-இல் 1.9.1 பதிப்பில் இதைச் சேர்த்தது. வேகத்தை அளந்து காட்டும் படங்களில் இதுதான் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்கும். நானும் அதைப் பார்த்தே மாற்றினேன்.

மாற்றிய மறுநாள் மாலை சராசரி நேரம் இறங்கியிருந்தது. கூடவே சில பேருக்குப் பக்கம் திறக்கவே இல்லை. சர்க்கரை அளவு ஒரு வரி. அந்த அறிக்கை கண் இமைப்பதற்குள் தயாராகிவிடும். ஸ்கேன் படங்களோடு கூடிய அறிக்கை அப்படியல்ல, பல விநாடி பிடிக்கும். ஸ்கேன் அறிக்கை செய்துகொண்டிருந்த செயல்முறையின் வரிசையில், ஒரே ஒரு சர்க்கரை எண்ணைப் பார்க்க வந்தவரும் நின்றார். பக்கத்தில் பத்துச் செயல்முறைகள் சும்மா இருந்தன. அவரை அங்கே மாற்றி அனுப்ப வழியில்லை. காட்பாடியில் ‘எஸ் 7 பெட்டியில் வந்தவருக்கு ஏழாவது ஆட்டோ’ என்று சட்டம் போட்டதற்குச் சமம் இது. ஏழாவது ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தாலும், எட்டாவது காலியாக நின்றாலும், நீங்கள் ஏழுக்காகத்தான் நிற்க வேண்டும். சராசரி இதைக் காட்டாது. மிக அதிகம் காத்திருந்தவரின் நேரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. செயல்முறை ஒன்றை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது, அதன் தனி வரிசையில் அக்செப்டுக்காக நின்ற இணைப்புகள் அறுந்துபோயின. 2021-இல் வந்த லினக்ஸ் 5.14-இல், மூடப்படும் சாக்கெட்டின் இணைப்புகளை வேறு சாக்கெட்டுக்கு மாற்றும் அமைப்பு வந்துவிட்டது. ஆனால் அதை நாமே இயக்க வேண்டும், தானாக வராது.

ரீயூஸ்போர்ட் மோசம் என்று சொல்ல வரவில்லை. இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் போல ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே அளவு, மிகச் சிறிய வேலை இருக்கும் இடத்தில் அதைவிடச் சிறந்தது இல்லை. வேலையின் அளவு ஏறி இறங்கும் இடத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான ஒரே வரிசை வெல்கிறது. எத்தனை பேரை எழுப்புகிறோம் என்பதையே பார்த்துக்கொண்டு, காத்திருப்பவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதை நான் பார்க்கத் தவறியிருந்தேன்.

மந்தை சாக்கெட்டோடு மட்டும் நிற்பதில்லை. நிரல்களைத் தொகுக்கும் வேலைகளை ஓட்டும் கருவியான குனு மேக் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது, செயல்முறைகளுக்கிடையே தரவைக் கடத்தும் ஒரு பைப்பில் ஒவ்வொரு பைட்டாக அனுமதிச் சீட்டு போடும். சீட்டுக்காக எல்லா மேக்குகளும் அதே பைப்பில் தூங்கும். ஒரு பைட் விழுந்தால் எல்லோரும் எழுவார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதைக் கையில் எடுத்து, 2020-இல் வந்த லினக்ஸ் 5.6-இல் பைப்புக்கும் ஒருவரை மட்டும் எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். அப்போது மேக் 4.2.1-இல் ஒளிந்திருந்த ஒரு பிழை வெளியே தெரிந்தது. எல்லோரும் எழுந்துகொண்டிருந்தவரை அது யாருக்கும் உறைக்கவில்லை.

எல்லோரையும் எழுப்பியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. ‘ரயில் இரண்டு மணி நேரம் தாமதம்’ என்ற அறிவிப்பு ஒரு ஓட்டுநர் காதில் மட்டும் விழுந்து என்ன பயன்? லினக்ஸின் விசைப்பலகை, மவுஸ் நிகழ்வுகள் அந்த வகை. அந்தக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனிச் சேமிப்பு இருக்கும், நிகழ்வின் பிரதி எல்லோருக்கும் போகும். அதே பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாயின் பார்கோடைப் படிக்க ஒரு ஸ்கேனர் வைத்தோம். கணினிக்கு அது இன்னொரு விசைப்பலகை. என் நிரல் எண்ணைச் சரியாக வாங்கியது. வரவேற்பில் இருந்த பெண் கூப்பிட்டார்: “சார், பெயர் எழுதும் கட்டத்தில் நம்பர் வந்து விழுகிறது.” திரைக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. கருவியைத் தனியுரிமையாகப் பிடித்துக்கொள்ளும் கிராப் கட்டளையை ஒரு வரி சேர்த்ததும் நின்றது. முனையத் திரையில் தட்டும் எழுத்துகள் இதற்கு நேர் எதிர். இரண்டு நிரல்கள் ஒரே முனையத்தைப் படித்தால் பிரதி கிடையாது, முந்தியவருக்குத்தான்.

கடைசியில் சர்வரை எப்படி அமைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 80-ஆம் போர்ட் செய்த ஒரே வேலை, வந்தவரை 443-க்கு அனுப்புவது. அதை ஒரு சிறு தனி நிரலிடம் கொடுத்துவிட்டேன். மீதி எல்லாச் செயல்முறைகளும் 443-இன் ஒரே சாக்கெட்டில், இபோல் இல்லாமல், நேராக அக்செப்ட் அழைத்துத் தூங்குகின்றன. மெதுவான போன் இணைப்பு ஒன்று ஒரு செயல்முறையைக் கட்டிப்போடும் என்பது இதன் விலை. அதற்காகச் செயல்முறைகளின் எண்ணிக்கையை 16-இலிருந்து 40 ஆக்கினேன். முன்பு இதற்குத் துணிந்திருக்க மாட்டேன், 40 பேரும் எழுந்து ஓடியிருப்பார்கள். இப்போது தூங்குபவர்கள் கொஞ்சம் நினைவகம் மட்டும்தான் கேட்கிறார்கள். நேற்று மாலை 4 மணிக்கு எஸ்ட்ரேஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குறுஞ்செய்திகள் போயின. ஓர் இணைப்புக்கு ஒரு வரி, அடுத்த இணைப்புக்கு அடுத்த வரி. ஈஅகெயின் ஒன்றுகூட இல்லை.